மான்செஸ்டர் மழையில் எந்தப் பனை?

போன வாரம், இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். "அண்ணே, வீட்டுக்குப் பின்னால இருபதடிக்கு முப்பதடி இடம் கிடக்கு. புல்லும் துருப்பிடிச்ச துணிக்கொடிக் கம்பியும்தான். பனை, வாழைன்னு எதாவது வச்சா நம்ம ஊர் மாதிரி இருக்கும்னு வீட்டுல சொல்றா. எது வாங்கட்டும்?" பின்னணியில் தள்ளுவண்டிச் சத்தம். நர்சரியில் நின்றுகொண்டுதான் கேட்கிறான் என்று புரிந்தது. "வண்டியில இப்ப என்ன இருக்கு?" என்றேன். கேனரி தீவுப் பனையாம். "அதை இறக்கி வை. மத்ததை எழுதி அனுப்புறேன்" என்றேன்.

அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. இதே கேள்வியை வருஷத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரன். எங்கள் ஊரில் பனை யாரும் வைக்காமலே வளரும். மான்செஸ்டருக்கு வந்து பதினாறு வருஷத்தில் நான் சாகக் கொடுத்த செடிகளின் பட்டியல் நீளம்: கேனரிப் பனை இரண்டு, வாஷிங்டோனியா என்ற விசிறிப்பனை ஒன்று, கார்டிலைன் ஒன்று, தொட்டிக் கறிவேப்பிலைக்குக் கணக்கே இல்லை. பிழைத்திருப்பவை நாலே நாலு. அந்த நாலு ஏன் பிழைத்தன என்பதுதான் எனக்குத் தெரிந்த தோட்டக்கலை.

முதலில் மழைக் கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. மான்செஸ்டரில் 850-ஐ ஒட்டி. லண்டனில் 600 சொச்சம்தான். அளவை வைத்துப் பார்த்தால் நாம் இங்கே மழையைப் பற்றிப் புலம்பவே கூடாது. ஆனால் சென்னை மழை ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அப்புறம் வெயில் வந்து மண்ணைக் காயவைக்கும். இங்கே மழை பெய்வதில்லை, கசிகிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை மண் காயவே காயாது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். அந்தக் குளிரில் வேர் தண்ணீரை உறிஞ்சாது. வேரைச் சுற்றித் தண்ணீர் மட்டும் நின்றுகொண்டிருக்கும். கோடையிலாவது ஈடுகட்டுமா என்றால், ஜூலையின் சராசரிப் பகல் வெப்பமே 20, 21 டிகிரி. ஊட்டியின் ஏப்ரல் இதைவிடச் சூடு.

ஆகவே செடியின் லேபிளில் "மைனஸ் 8 வரை தாங்கும்" என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். தாங்கும்தான். ஸ்பெயினிலோ இத்தாலியிலோ, காய்ந்த மண்ணில், முந்தின கோடையில் நன்றாக வெயில் குடித்த செடி, ஓர் இரவு மைனஸ் 8-ஐத் தாங்கும். நனைந்த களிமண்ணில் ஐந்து மாதம் நின்ற செடிக்கு மைனஸ் 4-ஏ போதும். என்னிடம் செத்தவை பெரும்பாலும் குளிரில் சாகவில்லை, ஈரத்தில் அழுகிச் செத்தன.

கேனரிப் பனையின் கதை அதற்கு நல்ல உதாரணம். பார்க்க அவ்வளவு அழகு. தென்னை மாதிரி, ஈச்சை மாதிரி கீற்றுக் கீற்றாக ஓலை. விலையும் மலிவு, கோடையில் சூப்பர்மார்க்கெட் வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். அதனால்தான் எல்லோருக்கும் முதலில் இதன்மேல் கை போகிறது. நான் தெற்குச் சுவரை ஒட்டி, நல்ல வெயில் படும் இடம் பார்த்து வைத்தேன். இரண்டு குளிர்காலம் அசையாமல் நின்றது. மூன்றாவது வருஷம் மார்ச் மாதம் ஒருநாள் நடுக்குருத்தைச் சும்மா பிடித்து இழுத்துப் பார்த்தேன். வாழைக்குலையிலிருந்து பழத்தைப் பிய்ப்பதுபோலக் கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் பழுப்பாகக் கொழகொழத்து, தேங்காய் மட்டை ஊறப்போட்ட குட்டை நாற்றம் அடித்தது. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே தலைகீழ். சுற்றியிருந்த பழைய ஓலைகள் எல்லாம் பச்சையாக நிற்க, குருத்து மட்டும் செத்திருந்தது. மேமாதம் வரை அந்தப் பச்சையைப் பார்த்து நானும் ஏமாந்துகொண்டிருந்தேன்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. குருத்தழுகல் என்பார்கள், அழுகியதை வெட்டி எடுத்துவிட்டு போர்டோ பசை என்ற பூசண மருந்தைத் தடவுவார்கள். அங்கே அது மழைக்கால வியாதி, ஆரம்பத்திலேயே கவனித்து, மழையும் விட்டால் மரம் தேறலாம். இங்கே மழை விடுவதில்லை.

"ஆனா லண்டன்ல பெரிய பெரிய கேனரிப் பனை நிக்குதே அண்ணே, யூடியூப்ல பார்த்தேனே" என்று தம்பி கேட்பான் என்று தெரியும். நிற்கிறது. லண்டன் நம்மைவிடக் காய்ந்த ஊர், இரண்டு மூன்று டிகிரி சூடான கோடை, அதற்குமேல் இத்தனை கட்டடங்கள் இரவெல்லாம் விடும் வெக்கை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால், சில்லித் தீவுகள் என்றால் வேறு உலகம். சில்லியின் டிரெஸ்கோ தீவில் 1834-லிருந்து வளர்ந்துவரும் அபே தோட்டத்தில் தென் ஆப்பிரிக்கச் செடிகள்கூட வெளியில் வளர்கின்றன. அந்தத் தோட்டத்திலேயே 1987 ஜனவரியில் பனி விழுந்து உறைந்தபோது ஏராளமான செடிகள் போய்விட்டன. அங்கேயே அப்படி என்றால் ஸ்டாக்போர்ட் எம்மாத்திரம்? தம்பி வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் உட்ஃபோர்டில் 2010 ஜனவரியில் மைனஸ் 17 டிகிரிக்கும் கீழே போனது. நான் இங்கே வந்த முதல் குளிர்காலம் அது. அடுப்பங்கரைக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

சரி, அப்போது எதைத்தான் வைப்பது?

பனைதான் வேண்டும் என்றால் என் பதில் ஒன்றே ஒன்று: சூசான் பனை. லேபிளில் ட்ரக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சுனை என்று இருக்கும். சீனாவின் மலைப்பக்கத்து மரம். குளிரும் மேகமும் ஈரமும் அதற்குப் பிறந்த வீடு. மைனஸ் 10-ஐ நன்றாகவே தாங்கும். வேரூன்றிய மரம் அதற்குக் கீழேயும் பிழைக்கும். முக்கியமாக, சூடான கோடை வேண்டும் என்று அடம்பிடிக்காது. பதினெட்டு டிகிரியிலும் மெல்ல ஓலை விட்டுக்கொண்டிருக்கும். பாதி நிழலிலும் வளரும்.

ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1849-இல் இதைச் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். மரத்தின் பெயரில் இருப்பது அவர் பெயர்தான். சீனத் தேயிலைச் செடிகளை ரகசியமாக எடுத்துவந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இமயமலைச் சரிவில் சேர்த்தவரும் இதே ஆள்தான். நாம் காலையில் குடிப்பதிலும் பின்வாசலில் வைப்பதிலும் ஒரே மனிதரின் கை இருக்கிறது.

இலை விசிறி விசிறியாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் குட்டிப் பனை என்றே தோன்றும். கிட்டப் போனால் வித்தியாசம் தெரியும்: நம் பனையின் ஓலை கெட்டி, முறுக்கி அடித்தாலும் தாங்கும், இதன் ஓலை மெல்லிசு, நுனி தளர்ந்து தொங்கும். மட்டையில் நம்மூர்க் கருக்கு கிடையாது, கையை அறுக்காது. தண்டு முழுக்கப் பழுப்பு நாராகச் சுற்றியிருக்கும், பன்னாடையை அடுக்கடுக்காகப் போர்த்தியதுபோல. சீனாவிலும் ஜப்பானிலும் அந்த நாரில் கயிறு திரித்தார்கள், விளக்குமாறு கட்டினார்கள், மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கொங்காணிகூடச் செய்தார்கள். மழையிலிருந்து ஆளைக் காத்த மரம் மான்செஸ்டர் மழைக்குப் பயப்படுமா என்ன? நம் பனை போலவே இதிலும் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. என் மகன் கேட்ட முதல் கேள்வி, நுங்கு வருமா என்பது. வராது. பெண் மரத்தில் கருநீலமாகச் சுண்டைக்காய் அளவில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தின்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

குறை இல்லாமல் இல்லை. முதலாவது, காற்று. நீளக் காம்பு, அகல இலை. மேட்டுப்பகுதியில் மேற்குக் காற்று அடித்தால் இரண்டு மாதத்தில் ஓலைகள் மடிந்து, நார்நாராகக் கிழிந்து, அடிபட்ட காக்காய் மாதிரி நிற்கும். சாகாது, ஆனால் பார்க்கச் சகிக்காது. அதற்காகவே வாக்னேரியானஸ் என்று ஒரு வகை இருக்கிறது. இலை சின்னது, விறைப்பானது, நுனி தொங்காது. எனக்குக் கேட்டால் அழகும் அதுதான். நம் வடலிப் பனையின் கம்பீரம் அதில்தான் கொஞ்சம் வருகிறது. விலை கூடுதல், அதே காசுக்குச் சின்னக் கன்றுதான் கிடைக்கும். இரண்டாவது குறை, பொறுமை. நட்ட முதல் இரண்டு வருஷம் செத்துவிட்டதோ என்று சந்தேகப்படும்படி சும்மா நிற்கும். அப்புறம் என் தோட்டத்தில் வருஷத்துக்கு ஒரு சாண் தண்டு ஏறுகிறது. சுவர் அஸ்திவாரத்தை வேர் கெடுக்குமா என்று பலர் பயப்படுகிறார்கள். பனை இனத்து வேர் எல்லாம் கயிறு கயிறானது, ஆலமரம் மாதிரி தடித்துப் போகாது.

இது எவ்வளவு முரட்டு மரம் என்பதற்கு ஒரே ஒரு தகவல். தெற்கு சுவிட்சர்லாந்தின் டிசினோ பகுதியில் இது தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டுக்குள் களையாகப் பரவிவிட்டது. 2024 செப்டம்பரிலிருந்து அந்த நாட்டில் இதை விற்கவே தடை.

அடுத்தது வாழை. இங்கே வெளியில் தாக்குப்பிடிப்பது மூசா பாஸ்ஜூ. ஜப்பானிய வாழை என்று விற்பார்கள், பூர்வீகம் தெற்குச் சீனா. ஹைக்கூ எழுதிய பாஷோவின் குடிசை வாசலில் சீடர் ஒருவர் வைத்துக்கொடுத்த வாழை இந்த இனம்தான். அந்த மரத்தின் பெயரையே அவர் தன் பெயராக்கிக்கொண்டார்.

பனைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிச் சொல்லலாம். பனை வாங்கினால் காசைக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். வாழை வாங்கினால் காசு கம்மி, வேலை ஆயுளுக்கும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அது கொடுக்கும் சந்தோஷத்தை எந்தப் பனையும் கொடுக்காது. ஒரு வாரத்துக்கு ஓர் இலை. காலையில் சுருட்டிய பாய் மாதிரி நிற்கும் குருத்து, இரண்டு நாளில் ஆள் உயர இலையாக விரிந்துவிடும். சாணி உரம், சமையலறைக் கழிவு மட்கு, எதைப் போட்டாலும் தின்னும். ஆவணி மாதத்தில் இலை அறுத்து நாங்கள் விருந்தே வைத்திருக்கிறோம். நம்மூர் இலையைவிட மெல்லிசு, சாம்பார் பக்கம் கொஞ்சம் கிழியும், ஆனால் சூடான சோறு விழுந்ததும் எழும் அந்த வாசனை அதேதான். காயை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பல வருஷம் தண்டைக் காப்பாற்றினால் பூ தள்ளும். விரலளவு காய், உள்ளே விதைதான்.

வேலை நவம்பரில் தொடங்குகிறது. முதல் உறைபனி விழுந்த மறுநாள் காலை இலைகள் எல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். அன்றைக்கே பயப்பட வேண்டாம், அது வழக்கம். இலைகளை வெட்டிவிட வேண்டும். தண்டை நெஞ்சு உயரத்துக்கு விட்டு, சுற்றிக் கோழிவலையை உருளையாக நிறுத்தி, உள்ளே வைக்கோலைத் திணிக்க வேண்டும். மேலே ஒரு மூடி கட்டாயம். பெரிய பெயின்ட் வாளியைக் கவிழ்த்து வைத்தாலும் சரி, வைக்கோலுக்குள் மழை இறங்கக் கூடாது. நனைந்த வைக்கோல் கதகதப்பைத் தராது, தண்டை அழுகத்தான் வைக்கும். பக்கவாட்டில் காற்று போகட்டும். பிளாஸ்டிக் தாளைச் சுற்றாதீர்கள். நான் ஒரு வருஷம் சுற்றினேன். ஏப்ரலில் பிரித்தபோது உள்ளே நீராவியில் வெந்த வாழைத்தண்டுப் பொரியல்.

இதெல்லாம் முடியாது என்பவர்கள் தண்டைத் தரையோடு அறுத்துவிட்டு, கிழங்கின்மேல் ஒரு முழ உயரத்துக்கு இலைச்சருகைக் குவித்து மூடிவிடலாம். மே மாதம் பக்கக்கன்றுகள் முட்டிக்கொண்டு வரும். வாழையடி வாழை என்பது இந்த ஊரிலும் உண்மைதான். என்ன, ஒவ்வொரு வருஷமும் சுழியிலிருந்து தொடங்கும், இடுப்பு உயரத்துக்குமேல் போக ஆகஸ்ட் ஆகிவிடும். எப்படிச் செய்தாலும் பொங்கலுக்கு இலை கிடையாது. தை மாதம் தோட்டத்தில் நிற்பது வாளித் தொப்பி போட்ட வைக்கோல் பொம்மைதான். விருந்தாளிகள் என்னவென்று கேட்பார்கள், பழகிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தம்பிக்கு அவை பொருந்தாது.

மத்தியதரைக் கடல் குட்டைப்பனை, சாமிரோப்ஸ் ஹூமிலிஸ், தொட்டிக்கு உகந்தது. இத்தாலியின் பதுவா தாவரவியல் தோட்டத்தில் 1585-இல் நட்ட ஒன்று இன்னும் இருக்கிறது. 1786-இல் ஜெர்மன் கவிஞர் கதே அதைப் பார்த்துவிட்டுப் போனதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். குளிர் தாங்கும், ஈரம் ஆகாது. கூரைச் சாய்வுக்குக் கீழே, மழை நேராக விழாத இடத்தில், பாதிக்குப் பாதி சரளைக்கல் கலந்த மண்ணில் வைத்தால் பல்லாண்டு இருக்கும். மட்டையில் கருக்கைவிட மோசமான முள், சின்னப் பிள்ளைகள் ஓடும் வழியில் வேண்டாம்.

கார்டிலைன் பனையே இல்லை, நியூசிலாந்து மரம். ஸ்காட்லாந்தின் பிளாக்டன் கிராமத்துக் கரையோரத்தில், 57-ஆவது அட்சரேகையையும் தாண்டி, வரிசையாக நின்று சுற்றுலாக்காரர்களைப் பனை என்று ஏமாற்றிக்கொண்டிருப்பது இதுதான். அங்கே அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் காப்பாற்றுகிறது. உள்நாட்டில் அந்தச் சலுகை இல்லை. 2010 டிசம்பரில், நூறு ஆண்டுகளில் இல்லாத குளிர் அடித்தபோது, நாடு முழுக்கக் கார்டிலைன்கள் தலை அழுகி விழுந்தன; பல அடியிலிருந்து மறுபடி துளிர்த்தன. என்னுடையது துளிர்க்கவில்லை. அதன் உதிர்ந்த இலைகள் புல்வெட்டும் எந்திரத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும்போது வரும் கோபத்தை நினைத்தால் வருத்தமும் இல்லை.

அடுத்து சிலி நாட்டுக் கள்ளுப்பனை, ஜூபியா. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் கண்ணாடி மாளிகையில் நின்ற ஒரு மரம் 1846-இல் விதை போட்டு வளர்த்தது. கூரையைத் தொடும் அளவுக்கு வளர ஒன்றரை நூற்றாண்டு ஆனது. பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்களே, இதை வைத்தவன் தண்டைக்கூடப் பார்க்க மாட்டான்.

யாரும் என்னிடம் கேட்காத, ஆனால் நானாகவே சிபாரிசு செய்யும் ஒன்று இருக்கிறது: மரப்பெரணி. டிக்சோனியா அண்டார்க்டிகா என்று பெயர், டாஸ்மேனியா, தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஈரக்காட்டுச் செடி. கொடைக்கானல் சோலைகளில் மரப்பெரணி பார்த்திருந்தால் உங்களுக்கு அந்த உருவம் தெரியும். மேலே சொன்னவற்றில் பலவற்றுக்கு மழை தண்டனை. இதற்கு மட்டும் மழைதான் சாப்பாடு. தண்டு என்று நாம் நினைப்பது முக்கால்வாசி வேர். அதனால் தண்ணீரை அடியில் ஊற்றாமல் தண்டின்மேல் ஊற்ற வேண்டும். மான்செஸ்டரில் அந்த வேலையையும் வானமே செய்துவிடுகிறது. குளிர்காலத்தில் உச்சியிலிருக்கும் குருத்துக் குழிக்குள் ஒரு கைப்பிடி வைக்கோலைத் திணித்து, ஓலைகளை அதன்மேல் மடித்துக் கட்டினால் போதும், ஐந்து நிமிஷ வேலை. பிறகு ஏன் எல்லோரும் இதை வைப்பதில்லை? விலை. தண்டை அடிக்கணக்கில் விற்கிறார்கள். வருஷத்துக்கு ஓர் அங்குலம்தான் வளரும் என்பதால் மூன்றடித் தண்டுக்கு முப்பத்தாறு வருஷத்துக்கான காசு கொடுக்க வேண்டும். வெயிலும் காற்றும் நேராகப் படும் இடமென்றால் ஓலை கருகிவிடும். வடக்குப் பார்த்த, வேலியின் நிழல் விழும் மூலை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தம்பியின் தோட்டத்துக்கு வருகிறேன். மேற்கே திறந்த வயல், காற்று அடிக்கும். மண் களிமண். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வேறு. இதற்கு வாக்னேரியானஸ் ஒன்று, வேலியிலிருந்து ஐந்தடி தள்ளி. வீட்டுச் சுவரும் வேலியும் சேரும், காற்று படாத மூலையில் பாஸ்ஜூ கன்று ஒன்று, தரையோடு அறுத்துச் சருகு மூடும் சோம்பேறி முறையில். பெரிய மரமாகப் பார்த்து வாங்காதே. முழங்கால் உயரக் கன்று இந்த மண்ணைப் பழகிக்கொண்டு வளரும், இத்தாலியிலிருந்து வந்திறங்கிய ஆளுயர மரம் இரண்டு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்.

நடுவது மே, ஜூனில். செப்டம்பரில் தள்ளுபடி போடுவார்கள், மயங்காதே. வேர் பிடிப்பதற்குள் குளிர் வந்துவிடும். களிமண்ணில் குழி தோண்டி அதில் நல்ல உரமண்ணைக் கொட்டி நடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. சுற்றிலும் களிமண் இருக்கும்போது அந்தக் குழி வாளி மாதிரி தண்ணீரைப் பிடித்துவைக்கும். மண்ணைப் பரவலாகக் கொத்திக் கிளறி, சரளை கலந்து, ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி, அந்த மேட்டின்மேல் நடு. தொட்டியில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம்தான். குருத்தின் அடி மண்ணுக்குள் போகக் கூடாது.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் தம்பி ஒரு படம் அனுப்பியிருக்கிறான். காரின் பின்சீட்டில் வாக்னேரியானஸ் கன்று, சீட்பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதன் தோளுக்குப் பின்னால் கீற்றுக் கீற்றாக இன்னொன்றும் எட்டிப் பார்க்கிறது. "பாதி விலைக்குக் கொடுத்தாங்கண்ணே" என்று கீழே எழுதியிருக்கிறான். கேனரியைத் தரையில் இறக்காமல் தொட்டியிலேயே வைத்து, நவம்பர் பிறந்ததும் கார் ஷெட்டுக்குள் தள்ளிவிடச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன்.